புலமைப்பரிசிலும் கற்கும் பொறியும்



எங்கள் பாடசாலை அலுவலகத்திலே ஒரு சேர்வு இடாப்பு இருக்கின்றது. அதன் முதற் பக்கத்திற் காணப்படும் ஆண்டு 2010. பாடசாலையோ அந்த இடாப்பினும் ஐம்பது ஆண்டு மூத்தது. கிளிநொச்சிப் பகுதியிலே, இரணைமடுக் குளத்து வாய்க்கால் நீரை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய மக்கள், ஓலைக் கொட்டில் ஒன்றிலே தொடங்கிய பள்ளி அது. முந்திய இடாப்புகள் எங்கே என்று சில வேளைகளிற் கல்வி அலுவலகத்தார் வினவுவதுண்டு. 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தபோது, ஆசிரியர் ஒருவர் அவற்றை உரப்பையிலே கட்டிச் சைக்கிளில் ஏற்றிச் சென்றார். விசுவமடு வரை அவை போனமைக்குச் சாட்சி உண்டு. அதன்பின் அவற்றைக் கண்டவர் இலர். உயிரோடு திரும்பியதே பெரும்பேறு என்றிருந்த காலத்திலே இடாப்பைப் பற்றி யார் கவலைகொள்வார்?

அந்த இடாப்பு இன்று என் நினைவுக்கு வருவதற்கு ஒரு காரணம் உண்டு. எந்த மாணாக்கனுக்குப் புலமைப்பரிசில் அளிக்கலாம், எவனுக்கு அது தகாது என்பதை இனிக் கணிப்பொறியைக் கொண்டே தீர்மானிக்கலாம் என்னும் பேச்சு உலகெங்கும் எழுந்துள்ளது. வெறும் கணக்குப் பார்க்கும் பொறியைப் பற்றியதன்று இப்பேச்சு. தானே கற்றுக்கொள்ளும் பொறியைப் பற்றியது. இயந்திரக் கற்றல் என்று அக்கலைக்குப் பெயர் வழங்குகின்றனர்.

அது யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஓர் அலுவலகத்திலே முப்பது ஆண்டு பணியாற்றிய எழுதுவினைஞர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். புதிய விண்ணப்பம் ஒன்றை அவர் கையிற் கொடுத்தால், சுற்றறிக்கையைப் புரட்டாமலே, "இது கிடைக்கும், இது கிடையாது" என்று சொல்லிவிடுவார். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான பழைய விண்ணப்பங்களையும் அவற்றுக்குக் கிடைத்த முடிவுகளையும் கண்ட பழக்கம் அவருள்ளே ஓர் அளவுகோலாக உறைந்துவிட்டது. கற்கும் பொறியும் இவ்வாறே. சென்ற ஆண்டுகளின் விண்ணப்பங்களை அதற்கு ஊட்டுகின்றனர். யார் யாருக்கு உதவி கிடைத்தது, பெற்றவர்களுள் யார் படித்துத் தேறினர், யார் இடையில் நின்றனர் என்பனவற்றையும் ஊட்டுகின்றனர். பெற்றோர் தொழில், ஊர், புள்ளிகள், வரவு, வீட்டுக்கூரை, மின்கட்டணம் முதலிய நூறு செய்திகளுக்கு இடையே உள்ள தொடர்புகளைப் பொறி தானே தேடிக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடையை அமைத்துக்கொள்கின்றது. பின்பு புதிய விண்ணப்பம் வந்தால் அந்த எடைகளாலே நிறுக்கின்றது. விதியை மனிதர் எழுதி அதன் கையிற் கொடுப்பதில்லை. சென்ற காலத்திலிருந்து அதுவே விதியைப் பிழிந்தெடுக்கின்றது.

இங்கேதான் வன்னியிலே பாடசாலை நடத்துகின்ற என் போன்றாருக்கு ஒரு வினா எழுகின்றது. எந்தச் சென்ற காலத்தை அப்பொறிக்கு ஊட்டப் போகின்றோம்?

இவ்வினாவுக்கு விடை தேடுமுன், நம் நாட்டிலே மாணாக்கரைத் தெரிந்தெடுத்த முறைகளின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்த்தல் நன்று. பொறி புதியதாயினும் தெரிவு பழையது.

இலவசக் கல்வியின் தந்தை எனப் போற்றப்படும் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமை வகித்த விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறங்களிலே மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஏழைப் பிள்ளைகளுள் ஆற்றல் மிக்கோரை ஒரு பரீட்சையாலே தெரிந்து, விடுதியும் உணவும் கொடுத்து அங்கே படிப்பித்தனர். இன்று ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் என்று நாம் அறியும் பரீட்சையின் வேர் அது. ஒரு வினாத்தாள், ஒரு வெட்டுப்புள்ளி, அதற்கு மேலே நின்றவனுக்கு இடம். எளிய விதி. பத்து வயதுப் பாலகனின் ஒரு நாட் காலைப்பொழுதை வைத்து அவன் வாழ்வை அளக்கலாமா என்னும் கேள்வி அப்பொழுது பெரிதாக எழவில்லை. இக்காலத்திலோ ஐந்தாந் தரப் பிள்ளைகளைத் தாய்மார் வகுப்புக்கு வகுப்பாக இழுத்துத் திரிவதைப் பார்க்கும்போது அது வேண்டிய அளவுக்கு மேலேயே எழுகின்றது. அது வேறு கதை.

பல்கலைக்கழகத் தெரிவின் கதை இதனினும் கசப்பானது. 1970ஆம் ஆண்டுப் பரீட்சையை ஒட்டிய தெரிவிலே, மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழியிலே தோற்றியவர்க்கு 229 புள்ளியும் தமிழ் மொழியிலே தோற்றியவர்க்கு 250 புள்ளியும் வேண்டியிருந்தன. மொத்தம் 400 புள்ளி. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் முறைப்படியாக வந்தது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. மாவட்டங்களின் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் பகிரப்பட்டன. இவை தமிழ் இளைஞர் உள்ளத்திலே உண்டாக்கிய புண்ணையும் அதன் விளைவுகளையும் நேயர்கள் அறிவர். நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆயினும் வன்னியிலே நின்று நோக்குவோர்க்கு அக்கதையின் வேறொரு பக்கமும் தென்படும். அதனை யாழ்ப்பாணத்து நண்பர்களோடு பேசும்போது மெல்லத்தான் பேசுவோம். மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது, விஞ்ஞான கூடமே காணாத பாடசாலைகள் நிறைந்த வவுனியாவும் மன்னாரும் தத்தம் மக்கள்தொகைக்குரிய இடங்களைப் பெற்றன. எண்பதுகளின் முடிவிலே என்னோடு உயர்தரம் படித்த நண்பன் ஒருவன், பின்தங்கிய மாவட்டத்தான் என்ற கணக்கிலேயே மருத்துவ பீடம் புகுந்தான். இன்று அவன் சிறந்த மருத்துவன். தலைநகரின் பெரிய கல்லூரி ஒன்றிலே அவன் பெற்ற புள்ளிக்கு ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலே வாயிலை அடைத்த அதே விதி எங்களுக்கு ஒரு பலகணியைத் திறந்தது என்றால் அது பொய்யாகாது.

இனிக் கிளிநொச்சியைப் பாருங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். அதற்கு முன்னே அது யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்பகுதி. ஆதலின் 1974இல் மாவட்டக் கணக்குப் போட்டபோது, பூநகரியிலும் பச்சிலைப்பள்ளியிலும் கரைச்சியிலும் குடியேற்ற வாய்க்காற் கரையிலே படித்த பிள்ளை, யாழ் நகரத்துப் பெருங் கல்லூரி மாணாக்கனோடு ஒரே மாவட்டத்தானாக எண்ணப்பட்டான். யாழ்ப்பாணத்தின் வெட்டுப்புள்ளியே அவனுக்கும் வெட்டுப்புள்ளி. யாழ்ப்பாணத்தின் ஆய்வுகூடமும் ஆசிரியரும் மட்டும் அவனுக்கு இல்லை. சில கல் தொலைவிலே, வவுனியா மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்த அவனுடைய மைத்துனன் பின்தங்கியவன், இவன் முன்னேறியவன். வரைபடத்திலே கச்சேரி எழுதுவினைஞர் இழுத்த ஒரு கோடு இவ்விருவரையும் பிரித்தது. எண்களைக் கொண்டு நீதி செய்யப் புகுவோர் முதலிற் பார்க்கவேண்டியது, யாரை யாரோடு சேர்த்து எண்ணுகின்றோம் என்பதையே என்று நான் கருதுவது இதனாலேதான்.

தரப்படுத்தல் கைவிடப்பட்டபின் விகிதங்கள் பலமுறை மாறின. இப்பொழுது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு 40 வீதத்தை நாடளாவிய திறமைக்கும், 55 வீதத்தை மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 வீதத்தைக் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்குகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அப்பதினாறனுள் அடங்கும்.

2001இல் இசட் புள்ளி வந்தது. புள்ளிவிபரவியற் பேராசிரியர் ஆர். ஓ. தத்தில் அதனை வகுத்தவர். அதன் தத்துவம் நல்லதே. ஒரு பாடத்தின் சராசரி 40, புள்ளிகள் சராசரியைச் சுற்றிப் பரவியுள்ள அளவு 10 என்க. அப்பாடத்திலே 60 பெற்றவனின் இசட் புள்ளி 2. வேறொரு பாடத்திலே சராசரி 60, பரவல் 20 என்க. அங்கே 80 பெற்றவனின் இசட் புள்ளி 1 மாத்திரமே. கடினமான பாடத்திலே பெற்ற 60, இலகுவான பாடத்திலே பெற்ற 80இனும் பெரிது என்பதை இக்கணக்குக் காட்டிவிடுகின்றது. சந்தையிலே பொன்னையும் புல்லையும் ஒரே தராசில் நிறுப்பதைக் காட்டிலும் இது மேலானது அன்றோ?

அத்தகைய கணக்கும் 2011இல் தடுமாறியது. அவ்வாண்டு உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தார் ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்தார் மற்றொரு சாராருமாகத் தோற்றினர். வினாத்தாள் வேறு, படித்த பாடமும் வேறு. ஆயினும் இரு கூட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணித்தனர். பெறுபேறு வெளிவந்ததும் நாடெங்கும் கலக்கம் எழுந்தது. மாணாக்கர் நீதிமன்றம் சென்றனர். 2012இல் உயர் நீதிமன்றம் அவ்விரு கூட்டத்தாரையும் வெவ்வேறு குடித்தொகையாகவே கொண்டு மீண்டும் கணிக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கூட்டல் கழித்தலிலே பிழையில்லை. யாரை யாரோடு சேர்த்து எண்ணுவது என்பதிலேதான் பிழை. கிளிநொச்சிப் பிள்ளையை யாழ்ப்பாணத்தானாக எண்ணிய அதே பிழை வேறு வேடத்தில் வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். 229, 250 என்னும் இரு எண்களையும் எவரும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பார்க்க முடிந்தது. இசட் புள்ளியின் வாய்பாட்டை உயர்தர மாணவன் ஒருவன் தன் கொப்பியிலே எழுதிப் பார்க்க முடிந்தது. அதனாலேயே அவற்றை எதிர்த்து வாதாடவும் முடிந்தது.

இதுகாறும் நான் கூறியவை மனிதர் வகுத்த வாய்பாடுகள். பழைய தெரிவுகளைப் பார்த்து நடக்கப் பழக்கப்பட்ட பொறி, மாணாக்கரைத் தெரிவதிலே என்ன செய்யும் என்பதற்கு நாற்பது ஆண்டுக்கு முந்திய சான்று ஒன்று உண்டு. அது இலண்டன் மாநகரின் சென். ஜோர்ஜ் மருத்துவக் கல்லூரியிலே நிகழ்ந்தது.

அக்கல்லூரிக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 2500 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் நாலிலொரு பங்கினரையே நேர்முகத்துக்கு அழைப்பர். ஏனைய முக்காற் பங்கினர் தாளைப் பார்த்த அளவிலேயே நீக்கப்படுவர். இந்த வேலை அலுப்பூட்டுவது. அன்றியும் பார்ப்பவருக்குப் பார்ப்பவர் தீர்ப்பு வேறுபட்டது. அனுமதிப் பொறுப்பிலே இருந்த மருத்துவர் ஜெப்ரி பிராங்ளென் 1979 அளவிலே இதற்கெனக் கணினி நிரல் ஒன்றை எழுதத் தொடங்கினார். தேர்வாளர் முன்பு எப்படித் தீர்ப்பளித்தனரோ அப்படியே பொறியும் தீர்ப்பளிக்கும் வரை அதனைத் திருத்தித் திருத்தி அமைத்தார். நூற்றுக்குத் தொண்ணூறு முதல் தொண்ணூற்றைந்து வரை மனிதர் தீர்ப்பும் பொறியின் தீர்ப்பும் ஒத்துவந்தன. 1982இல் முதற் கட்டத் தெரிவு முழுவதும் பொறியின் கைக்கு மாறியது. இன்றைய பொருளிலே அதனைக் கற்கும் பொறி என்று சொல்லல் பொருந்தாது. எடைகளை அமைத்தவர் மனிதரே. ஆயினும் பழைய தெரிவின் நிழலாக அமைந்தது என்பதனால் இன்றைய பொறிகளுக்கு அது மூத்தோன்.

1986இன் இறுதியிலே அக்கல்லூரியின் விரிவுரையாளர் இருவர், இனச் சமத்துவ ஆணைக்குழுவிடம் முறையிட்டனர். ஆணைக்குழு நிரலைத் திறந்து பார்த்தது. விண்ணப்பகாரரின் பெயரையும் பிறந்த இடத்தையும் கொண்டு, ஐரோப்பியர், ஐரோப்பியரல்லாதார் என்று பொறி பிரித்திருந்தது. ஐரோப்பியரல்லாதார்க்குப் புள்ளியிலே ஒரு குறைப்பு. பெண் என்றால் அதனிற் சிறிய மற்றொரு குறைப்பு. ஆண்டுக்கு அறுபது பேர் வரை இதனால் நேர்முகத்தை இழந்திருக்கலாம் என்று 1988இல் வெளிவந்த அறிக்கை கூறிற்று. முருகேசு என்றோ சிவஞானம் என்றோ பெயர் பூண்ட நம்மவர் ஒருவரின் விண்ணப்பம் அந்தப் பொறிக்கு முன்னே எவ்வாறு நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பொறிக்கு இனவெறி எங்கிருந்து வந்தது? அதற்கு முன்னே அமர்ந்திருந்த நல்ல மனிதரிடமிருந்தே வந்தது. அவர்கள் எவரும் ஒரு பெயரைக் கண்டு தாம் முகஞ்சுளித்ததை அறிந்திலர். தாளிலே அது பதியப்படவும் இல்லை. பொறி அதனைக் கண்டெடுத்து எண்ணாக எழுதிவைத்தது. இதிலே நகைப்புக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. பொறியே இல்லாத ஏனைய இலண்டன் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றைக் காட்டிலும் சென். ஜோர்ஜ் கல்லூரியிலேதான் ஐரோப்பியரல்லாத மாணாக்கர் மிகுதியாக இருந்தனர். மற்றவர்களின் ஓரவஞ்சனை மனத்துள் இருந்தது. இவர்களுடையது நிரலிலே எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்டிருந்தமையால் அகப்பட்டுக்கொண்டது. ஒளித்துவைத்த பொறியிலும் திறந்துவைத்த பொறி நல்லது என்பதற்கு இதனை நான் சான்றாகக் கொள்வேன்.

உண்மையான கற்கும் பொறியையும் அமெரிக்கர் ஆண்டு பார்த்தனர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியற் பிரிவார் ஆராய்ச்சிப் பட்ட விண்ணப்பங்களை நிறுக்க 2013 முதல் ஒன்றைக் கையாண்டனர். முந்திய குழுக்களின் முடிவுகளிலிருந்து அது கற்றது. 2020இல் அதனைக் கைவிட்டனர். அதே 2020இல், பெருந்தொற்றினாற் பரீட்சை நடவாத இங்கிலாந்திலே, பாடசாலையின் முந்திய பெறுபேறுகளைக் கொண்டு மாணாக்கனுக்குப் புள்ளி வகுத்தனர். ஆசிரியர் மதிப்பிட்ட தரங்களுள் ஏறத்தாழ நாற்பது வீதம் கீழிறக்கப்பட்டன. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மாத்திரம் ஆசிரியரின் மதிப்பீட்டையே விட்டுவைத்தனர். அத்தகைய வகுப்புகள் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகளிலேதான் மிகுதி. நான்கு நாளில், ஆகஸ்ட் 17ஆந் திகதி, அந்த முறையையே மீளப் பெற்றனர். முன்பு இப்பள்ளியிலே எவரும் உயர்ந்த தரம் பெறவில்லை, ஆகையால் நீயும் பெறமாட்டாய் என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எத்தகைய செயல் என்பதை வன்னி ஆசிரியருக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் நிலத்துக்குத் திரும்புவோம்.

கற்கும் பொறிக்கு உணவு, பதிவேடு. வன்னியின் பதிவேடு எத்தகையது? 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டுக்குப் பின் 1991இல் நாட்டிலே மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் நடைபெற்றபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் அது நடத்தப்படவில்லை. 2012இலேதான் அடுத்த தேசிய மதிப்பீடு அங்கே நடந்தது. முப்பத்தொரு ஆண்டு! ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, மணந்து, தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் காலம் முழுவதும் அந்த மாவட்டங்களை நாடு எண்ணவில்லை. 2012இல் எண்ணியபோதும் முல்லைத்தீவின் மக்கள்தொகை ஓர் இலட்சத்தை எட்டவில்லை. இலட்சக்கணக்கான பதிவுகளைக் கண்டு கற்கும் பொறிக்கு முன்னே, கொழும்பும் கம்பகாவும் அரிசி மூடை. நாம் அதிற் கலந்த ஒரு பிடி குரக்கன். பொறி அரிசியையே கற்கும்.

உள்ள பதிவுகளும் எத்தகையன? 2009 ஆகஸ்ட் மாதத்திலே ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் உயர்தரப் பரீட்சையும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலே நடந்தன. மே மாதம் வரை பதுங்கு குழியிலே இருந்த பிள்ளைகள் ஆகஸ்டிலே கூடாரத்துக்குள் அமர்ந்து விடை எழுதினார்கள். பரீட்சைத் திணைக்களத்தார் அதனை நடத்தியது பாராட்டுக்குரியதே. ஓராண்டை அப்பிள்ளைகள் இழவாமற் காத்தது. ஆயினும் அங்கே பெற்ற புள்ளி பதிவேட்டிலே ஏறும்போது, புள்ளியின் பக்கத்திலே கூடாரம் என்று எழுதப்படுவதில்லை. முல்லைத்தீவு, தமிழ் மொழி, இத்தனை புள்ளி, அவ்வளவே. அடுத்த பத்தாண்டிலே உயர்தரம் எழுதியவர்கள் பலரும், ஏதோ ஒரு வகுப்பின் பாதியை மரத்தடியிலும் முகாமிலும் கழித்தவர்களே. அவர்களுட் பலர் இடையில் நின்றனர். இந்தப் பத்தாண்டுப் பதிவுகளைப் பொறிக்கு ஊட்டினால் அது என்ன கற்கும்? இந்த ஊர்ப் பெயர் உடையவர் இடையில் நிற்பர் என்று கற்கும். தமக்கை பட்ட துன்பம், அவளுக்குப் பின் ஒழுங்காகப் படித்துவரும் தங்கையின் கணக்கிலே கடனாக ஏறும்.

ஊர்ப் பெயரை நீக்கிவிட்டால் ஆயிற்றே என்பர் அறிஞர் சிலர். ஆகாது. படித்த பள்ளிகளின் எண்ணிக்கை, காலங்கடந்த பிறப்புப் பதிவு, காணிக்கு உறுதி இல்லாமை, பாதுகாவலராகப் பேத்தியைப் பேணும் பாட்டி என்னும் குறிப்புகள் ஒவ்வொன்றும் வன்னி, வன்னி என்றே சொல்லிக்கொண்டிருக்கும். 1977இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுட் பல, காணிப் பத்திரம் இன்றியே இரண்டு தலைமுறை கழித்தவை. கடதாசி இல்லாமை அவர்களுக்கு ஊர்ப் பெயர் போலவே ஆகிவிட்டது.

வறுமையைக் கடதாசியால் அளத்தலின் இடரை நாம் அண்மையிலும் கண்டோம். 2023இல் அஸ்வெசும நலத்திட்டம் வந்தபோது, 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களுக்குப் புள்ளி வகுத்தனர். மின்சாரப் பாவனையும் அவற்றுள் ஒன்று. இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தனர். அதற்கு முன்னே, லலித் அத்துலத்முதலி தொடக்கிவைத்து 1981இல் சட்டமாகிய மகாபொலப் புலமைப்பரிசிலிலும், திறமைக்கு உரிய பங்கு போக எஞ்சியதைக் குடும்ப வருமானமே தீர்மானித்து வந்தது. இதிலே எமக்கு நெடுநாட் பழகிய வேடிக்கை ஒன்று உண்டு. ஆசிரியரின் பிள்ளைக்கு வருமானம் ரூபாய் சதத்தோடு தாளில் ஏறும். மூன்று உழவுப்பொறியும் அரிசி ஆலையும் உடையவரின் பிள்ளைக்கு வருமானம் கிராம அலுவலரின் பேனா முனையிலே இருக்கும். பொறி வந்தால் இந்த வேடிக்கை ஒழியும் என்று சிலர் மகிழ்கின்றனர். தாளிலே ஏறாததைப் பொறி எவ்வாறு காணும்?

நான் பொறிக்குப் பகைவன் அல்லேன். எங்கள் பாடசாலையிலே நேரசூசியைக் கணினியே வகுக்கின்றது. நானும் உதவி அதிபரும் மூன்று நாள் மண்டையை உடைத்த வேலை அது. புலமைப்பரிசிலிலும் பொறிக்குத் தக்க வேலை உண்டு. வன்னியிலே பெருங்குறை, தகாதவன் பெற்றுவிடுவது அன்று. தக்கவன் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது. மூன்று மாதமாக வரவு குறைந்துவரும் பிள்ளை யார், புள்ளி இருந்தும் படிவம் அனுப்பாத வீடு எது என்று இடாப்புகளைத் தேடி எமக்குச் சொல்லட்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போவதற்கு நாங்கள் இருக்கின்றோம். தேடுவதற்குப் பொறியை வைத்தாற் பிழை நேர்ந்தாலும் ஒரு வீணான பயணத்தோடு போகும். தள்ளுவதற்கு வைத்தாற் போவது ஒரு பிள்ளையின் படிப்பு. தள்ளத்தான் வேண்டுமாயின், எந்தக் காரணத்தால் தள்ளப்பட்டது என்பதைப் பிள்ளைக்குத் தமிழிலே எழுதி, கீழே ஒரு மனிதர் கையொப்பம் இடல் வேண்டும். 2012இலே நீதிமன்றப் படியேறிய மாணாக்கருக்கு வழக்குரைக்க ஒரு வாய்பாடு இருந்தது. காரணம் சொல்லாத பொறியை எந்த மன்றத்திலே நிறுத்துவது?

சில ஆண்டுகளுக்கு முன்னே நடந்த ஒன்றைச் சொல்லுகின்றேன். வெளிநாட்டு நிதியம் ஒன்று எங்கள் பகுதி மாணாக்கருக்கு உதவ முன்வந்தது. பெயர் வேண்டா, நல்லெண்ணத்தோடு வந்தவர்கள். படிவத்தைக் கணினியிலேயே நிரப்புதல் வேண்டும். உயர்தரத்திலே சிறந்த பெறுபேறு பெற்ற மாணவி ஒருத்தி என் அறையிலிருந்தே அதனை நிரப்பினாள். தந்தை என்னும் இடத்திலே இரண்டு கட்டங்கள் இருந்தன: உயிருடன் உள்ளார், இறந்துவிட்டார். பிள்ளை என்னைப் பார்த்தாள். அவள் தந்தை 2009 மே மாதத்துக்குப் பின் வரவில்லை. காணாமற்போனமையைக் காட்டும் சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்திருந்தது. அந்தச் சான்றிதழுக்கோ படிவத்திலே கட்டம் இல்லை. தாயைத் தொலைபேசியிலே கேட்டோம். "இறந்தவர் என்று என்ர கையாலை எழுதமாட்டன், ஐயா" என்றார். பிள்ளை முதலாவது கட்டத்திலே அடையாளமிட்டாள். உடனே தந்தையின் மாத வருமானம் என்னும் கட்டம் திறந்தது. பூச்சியம் என்று எழுதினாள்.

மறுவாரம் பதில் வந்தது: தகுதி பெறவில்லை. காரணமும் இல்லை, கையொப்பமும் இல்லை. நான் இரண்டு கடிதம் எழுதிய பின்னே ஒருவர் தொலைபேசியில் விளக்கினார். தந்தை உயிருடன் இருக்க அவருக்கு வருமானம் இல்லை என்று முந்திய ஆண்டுகளில் எழுதியவர்கள் பெரும்பாலும் உண்மையை மறைத்தவர்களாக இருந்தார்களாம். ஆகையால் அத்தகைய விண்ணப்பங்களைப் பின்தள்ளப் பொறி தானே கற்றுக்கொண்டதாம். அவர் பேச்சிலே வருத்தம் இருந்தது. அவ்வாண்டுப் பணம் பகிரப்பட்டுவிட்டது என்றும் சொன்னார்.

அடுத்த ஆண்டு வந்த படிவத்திலே மூன்றாவது கட்டம் ஒன்று சேர்ந்திருந்தது. அந்தப் பிள்ளை அதற்குள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்; காலை ஐந்தரை மணிக்கு எங்கள் பாடசாலை வாசலைக் கடந்துதான் அவள் ஏறும் வண்டி போகின்றது. வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்திருப்பதாகக் கேள்வி. அவளுடைய தங்கையின் விண்ணப்பம் இப்பொழுது என் மேசைமேல் இருக்கின்றது. தாயின் ஒப்பத்துக்காக நாளைக்கு அவர்கள் வீட்டுக்குப் போகவேண்டும்.